வலப்பக்கம் குரல், இடப்பக்கம் மேளம்

'பாஸ்' பொத்தானை அமுக்கியதும் முதலில் கிடுகிடுத்தவை அலுமாரி மேலிருந்த சில்வர் தம்ளர்கள், அடுத்து கூரைத் தகரம், அதற்கடுத்து என் விலா எலும்பு. அப்போது எனக்குப் பதினொரு வயது. நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் வரிசை வீடான லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி 'காம்பரா'வில், குவைத்தில் வீட்டு வேலை செய்த சித்தி கொண்டுவந்து கொடுத்த பாட்டு செட்டை அம்மாவும் நானும் அன்றுதான் பிரித்து வைத்திருந்தோம். மூன்று சீடி போடலாம், கேசட்டும் போடலாம், முகப்பில் நீல விளக்கு பாட்டுக்கு ஏற்ப ஏறி இறங்கும். இந்த அறைக்கு இது எதற்கு என்று கேட்காதவர்கள் குறைவு. இந்த அறைக்குத்தான் இது வேண்டும் என்பது என் கட்சி. இன்றைக்கும் அதே கட்சிதான்.

ஸ்பீக்கர் இரண்டையும் தள்ளித் தள்ளி வைக்கும்படி செட்டோடு வந்த தாளில் படம் போட்டிருந்தது. இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த மிதப்பில் நான் ஒன்றை வலப்பக்கச் சுவரிலும் மற்றதை இடப்பக்கச் சுவரிலும் பலகை அடித்து உயரத்தில் ஏற்றிவிட்டேன். லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது, மேலே ஒன்றரை முழம் திறந்து கிடக்கும் என்பதை யோசிக்கவில்லை. பழைய பாட்டுகள் சிலவற்றில் குரல் ஒரு ஸ்பீக்கரிலும் வாத்தியம் மற்றதிலுமாகப் பிரிந்து வரும் அல்லவா? வலப்பக்கத்து மேரி அக்காவுக்குக் குரல் போனது. "செல்வி, அந்தப் பாட்ட இன்னொருக்கா போடு" என்று சுவருக்கு மேலாகவே அம்மாவிடம் கேட்பார். இடப்பக்கத்து ராக்கம்மா பெரியம்மாவுக்கு வெறும் மேளம். அவரால் அம்மாவிடம் அப்படிக் கேட்கவும் முடியாது. 'பீலிக்கரை'யில் தண்ணீர் பிடிக்கிற வரிசையில் மூண்ட சண்டைக்குப் பிறகு, எட்டு மாதமாக அவருக்கும் அம்மாவுக்கும் பேச்சு இல்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம், மலையில் எங்கள் ஆட்களை வேலை வாங்குகிற 'கண்டாக்கு' ஐயா ஏறி வந்து எங்கள் வாசல் திண்ணையான 'இஸ்தோப்பு'வில் நின்றார். காம்பரா தோட்டத்துடையது, இந்தச் சத்தம் கீழே தன் குவாட்டர்ஸ் வரைக்கும் வருகிறது, லயத்தில் ஒரே ஒருத்தர் முறைப்பாடு சொன்னாலும் செட்டு ஆபீசுக்குப் போய்விடும் என்றார். அம்மா வாசலுக்கு வந்தார்.

"சொவரு தோட்டத்தோடதுதாங்க ஐயா. செட்டு என் தங்கச்சி கஷ்டப்பட்டு வாங்கிக் குடுத்தது. அது இங்கதான் பாடும்."

அவர், பீலிக்கரைச் சண்டை தெரிந்தவராக, நேரே ராக்கம்மா பெரியம்மாவைக் கூப்பிட்டார். செட்டு போயிற்று என்று நினைத்து நான் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"கம்ப்ளைன் இருக்கா?"

"இருக்குங்க ஐயா." அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு வாரமா எனக்கு மேளம் மட்டுந்தான் வருது. பாடுறவன் பூரா மேரி வீட்டுக்குப் போயிடுறான். அந்தப் பொட்டிய மாத்தி வைக்கச் சொல்லுங்க. நான் அவகூடப் பேசுறதில்ல."

லயம் முழுக்கச் சிரித்தது. ஐயா இன்னும் இரண்டு வாசலில் கேட்டுப் பார்த்தார். ஒருவருக்கும் முறைப்பாடு இல்லை. அவர் இறங்கிப் போன பிறகு அம்மா முக்காலியில் ஏறி ஸ்பீக்கர் வயர்களை மாற்றிக் கொழுவினார். அதிலிருந்து ஞாயிற்றுக்கு ஞாயிறு மாற்றுவோம்: ஒரு வாரம் மேரி அக்காவுக்குக் குரல், அடுத்த வாரம் பெரியம்மாவுக்கு. பேச்சு தொடங்க இன்னும் மூன்று மாதம் ஆனது.

இப்போது சுவர்களைக் கூரை வரைக்கும் கட்டி எழுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு ஆளுக்கொரு பாட்டோடு இருக்கிறார்கள். செட்டின் சீடித் தட்டு திறப்பதில்லை. போனை வயரில் கொழுவித்தான் பாட்டு. சுவர் மேலிருந்த திறப்பு போனதற்கு நான் உருக மாட்டேன். எங்கள் இருமலும் அழுகையும்கூட அதன் வழியாகத்தான் ஆறு வீட்டுக்கும் போயின. அதை அழகென்று எழுத எனக்கு மனமில்லை. காம்பரா மட்டும் இன்னும் அம்மாவின் பெயரில் இல்லை.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது சத்தம் அதிகமென்று நானே குறைக்கப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

"சொவரு ஒசந்துருச்சுடி. கூட்டு. ராக்கம்மாவுக்குக் கேக்க வேணாமா?"

சத்தக் குமிழைப் போகிற மட்டும் திருகினேன்.