மாமன் தூக்க வேண்டிய பெண்

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெண் தானாக நடந்து மணவறைக்கு வருவதில்லை. தாய்மாமன் அவளைத் தூக்கிக்கொண்டு மணவறையை மூன்று சுற்றுச் சுற்றி வந்து, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். இளவயது மாமன்களுக்கு அது விளையாட்டு. எனக்கோ அப்போது ஐம்பத்தெட்டு வயது. நான் வருவதற்கு முன்னால் என் தொந்தி வந்து நிற்கும். களத்திலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவேன்.

என் தங்கை வெண்ணந்தூரில் வாக்கப்பட்டவள். மகள் நடை பழகும் முன்பே புருஷனைப் பறிகொடுத்தவள். அந்த ஒரே மகளுக்கு ஆவணியில் நிச்சயம் செய்தோம். தையில் கல்யாணம் என்று பேச்சு. அன்றைய பந்தியில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏனுங்க, இவரு பொண்ணைத் தூக்குவாரு, சரி. இவரை ஆருங்க தூக்கறது?”

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது? ஆனால் அதற்குமேல் சாப்பிடாமல் இலையை மூடிவிட்டேன். என் சித்தப்பா மகன், ஒல்லிப் பயல், “நா வேணாத் தூக்கறனுங்ணா” என்று முந்திக்கொண்டு வந்தான். அவனும் முறைக்கு மாமன்தானே! தங்கை என்னைத் தனியே அழைத்தாள்.

“அண்ணா, நீங்க கையப் புடிச்சுக் கூட்டியாந்தாப் போதுமுங்க. உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா நா எங்க போவேன்?”

கேலியைப் பொறுத்துக்கொண்டேன். இந்தக் கரிசனத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றிருந்த கல்யாணப் பெண் அதைக் கேட்டுவிட்டாள்.

“மாமா தூக்கலீன்னா நா நடந்தே வாரேன். வேற ஆரும் என்னையத் தூக்க வேண்டாம்” என்றாள்.

சொன்னால் சொன்னதுதான், என் ரத்தம் அல்லவா! இரண்டு ஊர்ச் சனமும் பார்க்க அவள் நடந்து வருவதை நினைத்துப் பார்த்தேன். தகப்பன் இல்லாத பெண்ணுக்கு மாமனும் இல்லை என்று ஆகிவிடும்.

மறுநாளே ராசிபுரத்து டாக்டரிடம் போனேன். மருந்து கேட்டால் மனுஷன் மருந்து தரவில்லை. விடியற்காலையில் வேகமாக நட, சோற்றையும் கறியையும் பாதியாகக் குறை என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டரா என்று திட்டிக்கொண்டே வந்தேன். ஆனாலும் அடுத்த நாள் விடியும்போது புதுச்சத்திரம் ரஸ்தாவில் இருந்தேன்.

நடக்க விட்டால்தானே! எங்கள் சீமையில் மரியாதைக்குக் குறைச்சல் கிடையாது. நிலம் நீச்சு உள்ளவன் நடந்து போனால் எந்த வண்டியும் அவனைத் தாண்டிப் போகாது. “ஏனுங்க, நடந்து போறீங்க? ஏறுங்க, ஏறுங்க” என்று மாட்டை இழுத்துப் பிடிப்பார்கள். வேண்டாமென்றால் அவர்களும் இறங்கிக் கூடவே நடப்பார்கள், துக்கம் விசாரிக்கிற முகத்தோடு. உடம்பு இளைக்க நடக்கிறேன் என்று ஒருவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, “சும்மா சொல்லுங்க, ஊட்டுல ஏதாச்சும் சண்டைங்களா?” என்று காதருகில் கேட்டார்.

ஒரு வாரத்தில் சுற்றுவட்டாரம் முழுக்க என் கதை பரவிவிட்டது. மாட்டை விற்றுவிட்டேனாம், மகன் வண்டியைத் தர மறுக்கிறானாம். என் மனைவியின் தம்பி ஒரு ஜோடிக் காளைகளை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான்.

“என்னுங்க மச்சான், இத்தனை கஷ்டத்தை எங்கிட்டச் சொல்லாம இருந்துட்டீங்களே” என்று கண் கலங்கினான்.

கட்டுத்தறியில் என் காளைகள் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

சரி, வண்டி இருப்பது தெரியட்டும் என்று என் வண்டியைக் காலியாகப் பின்னால் வரச் சொல்லி, நான் முன்னால் நடந்தேன். அன்றைக்கும் வழியெல்லாம் கேள்விதான். என்னைப் பண்ணாடி என்று கூப்பிடும் வண்டிக்காரன், பதில் சொல்லிச் சலித்துப்போய், என்னைக் கேட்காமலே ஒரு வார்த்தையை விட்டான்.

“பண்ணாடிக்கு வேண்டுதலுங்க. திருச்செங்கோட்டுச் சாமிக்குத் தெனமும் நடக்கறாருங்க.”

அவ்வளவுதான். எதிரே வந்தவர் தலைத்துண்டை எடுத்துவிட்டு வண்டியை ஓரம் கட்டினார். அன்றிலிருந்து ஒரு பயல் ‘ஏறுங்க’ என்று சொல்லவில்லை. உடம்புக்காக நடப்பவன் கிறுக்கன், சாமிக்காக நடப்பவன் பெரிய மனுஷன்!

வண்டிக்காரனைக் கண்டபடி ஏசினேன். ஆனால் அவன் என்னைச் சரியாக மாட்டிவிட்டான் என்பது பிறகுதான் புரிந்தது. ஒருநாள் மழைத் தூறலில் போர்த்திப் படுத்துக்கொண்டேன். விடிந்ததும் எங்கள் நிலத்தை ஒட்டிய காட்டுக்காரி வாசலில் வந்து நிற்கிறாள்.

“சாமி காரியமுங்க, பாதியில உடலாமுங்களா?”

விருந்துக்குப் போனால் அதைவிடக் கொடுமை. சித்தப்பா வீட்டில் வெள்ளாட்டுக் கறி கமகமவென்று வந்தது. என் இலையில் போடப் போன கரண்டியை, “ஐயோ, அவரு வேண்டுதல்ல இருக்காரு” என்று ஒருத்தி தடுத்துப் பிடுங்கினாள். ரசஞ்சோற்றைத் தின்றுவிட்டு எழுந்து வந்தேன். டாக்டர் ஒருவர் சொன்னால் ஏமாற்றலாம், ஊரே காவல் நின்றால் என்ன செய்ய முடியும்?

சாயந்திரத்தில், பெண்ணைத் தூக்கப் பழகுவதற்காக, மூட்டையைத் தூக்கிக்கொண்டு களத்தைச் சுற்றினேன். முதல் நாள் தவிட்டு மூட்டை. பாதிச் சுற்றில் கை நழுவிக் கீழே விழுந்து வெடித்தது, கோழிகளுக்குக் கொண்டாட்டம்.

“பொண்ணையும் இப்படித்தான் போடுவீங்களா?” என்று என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் மூட்டையைத் தைத்துக் கொடுத்தவளும் அவள்தான். தவிடு போய்க் கம்பு வந்தது, கம்பு போய் ராகி வந்தது. நான் தேறத் தேற அவளே ரகசியமாக மூட்டையைக் கனமாக்கிக்கொண்டிருந்தாள்.

மார்கழியில் முழங்கால் வீங்கிவிட்டது. கட்டிலை விட்டு எழ முடியவில்லை. போதும், இந்த வயதில் இது எதற்கு என்று எனக்கே தோன்றியது. அப்போது பார்த்துச் சித்தப்பா மகன் வந்தான். “நீங்க சிரமப்படாதீங்ணா, நாந்தான் இருக்கறனே” என்றான். இளக்காரமாகச் சிரித்த மாதிரி பட்டது. பாவம், அவன் சிரித்தானோ இல்லையோ! எனக்கு அது போதும். காலில் நொச்சி இலையை வதக்கிக் கட்டிக்கொண்டு மறுநாளே ரஸ்தாவில் இறங்கினேன். மருந்தை விட என்னை எழுப்பி நடக்க வைத்தது ரோஷம்தான் என்று தைரியமாகச் சொல்வேன்.

அது உலகச் சண்டை நடந்த காலம். பெட்ரோல் கிடையாது, நாமக்கல் பஸ்கூடக் கரியில்தான் ஓடியது. தை பிறந்த சமயம் ஒரு மேட்டில் அது திணறிக்கொண்டு ஏறியது. பக்கத்தில் நடந்துகொண்டிருந்த நான் அதைத் தாண்டிப் போய், மேட்டின் உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தேன். எனக்கு மூச்சு வாங்கவே இல்லை! அந்த இடத்திலேயே ஒரு கூத்தாட்டம் போடலாம் போலிருந்தது.

கல்யாண நாளும் வந்தது. வெண்ணந்தூரில் தங்கை வீட்டு வாசலில் பந்தல். பெண்ணைக் கைகளில் ஏந்தி எழுந்தேன். எழுந்தபின்தான் தெரிந்தது, நான் பழகியதெல்லாம் சாக்கு மூட்டை, இவள் உடுத்தியிருப்பது இளம்பிள்ளை ஊர்த் தறியில் நெய்த பட்டு. சாக்கு கையில் ஒட்டும், பட்டு வழுக்கும். முதல் சுற்று எப்படியோ போனது. இரண்டாவதில் கை நழுவ ஆரம்பித்தது. சித்தப்பா மகன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

“தள்ளி நில்றா!” என்று நான் போட்ட சத்தத்தில் மேளமே ஒரு தரம் நின்றது.

பெண் என் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். “நாம் புடிச்சுக்கறனுங்க மாமா, நீங்க நடங்க” என்றாள் மெதுவாக.

நடந்தேன். மூன்றாவது சுற்று முடிந்தது. பந்தல் ஆரவாரித்தது. அன்றைக்குப் பந்தியில் கேலி செய்த பெரியவர் எழுந்து நின்று கும்பிட்டார். அருமைக்காரர், எங்கள் கல்யாணங்களை நடத்தி வைக்கும் பெரியவர், “இறக்கி உடுங்க, மாப்பிள்ளைக்குப் பக்கத்துல” என்றார்.

எனக்கு இறக்க மனமில்லை. மகளின் கல்யாணத்தில் தங்கையை மட்டும் பந்தலில் காணோம். தாலி அறுத்தவள் மணவறைப் பக்கம் வரக்கூடாதென்று அவளாகவே நெல் போட்டிருக்கும் அறையில் போய் உட்கார்ந்திருந்தாள். நான் பெண்ணோடு திரும்பி வீட்டுக்குள் நடந்தேன்.

“ஏனுங்க, எங்க போறீங்க? முகூர்த்தம் போயிருமுங்க!” என்று அருமைக்காரர் பின்னாலேயே ஓடி வந்தார். நான் நிற்கவில்லை.

அறை வாசலில் போய் நின்றேன். தங்கை பதறி எழுந்தாள்.

“ஐயோ, இதென்னங்கண்ணா! இறக்கி உடுங்க, கை நோவுமுங்க.”

“நோவுல புள்ள. நீ கிட்ட வந்து கண்ணு நெறையப் பாரு.”

அவள் தயங்கித் தயங்கி வந்து மகளின் முகத்தை இரண்டு கையாலும் தொட்டாள். அவள் பார்த்து முடிக்கிற வரைக்கும் நான் தூக்கியபடியே நின்றிருந்தேன்.