இரண்டாவது ஸ்லாட்

போன வருஷம், மழை பிடிப்பதற்கு முந்தின வாரம். வியாழக்கிழமை காலை பத்தேகால் மணி. தாராவியில் நான் வேலை செய்யும் பட்டறை. அப்போது அங்கே இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். வாசலில் தராசுக்குப் பக்கத்தில் முதலாளி சேட். மூட்டை இறக்க வந்த டெம்போக்காரர். தரையில் உட்கார்ந்து வயர் உரிக்கும் பீகார்க்காரர்கள் இரண்டு பேர். எனக்கு எதிர் மேசையில் அக்கா. நான்.

இத்தனை பேர் முன்னால் ஒரு வார்த்தை சொன்னேன். அதைத்தான் எழுதுகிறேன்.

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு. வேலை, கம்ப்யூட்டர் உடைப்பது. பழைய கம்ப்யூட்டர்கள் மூட்டை மூட்டையாக வரும். பெட்டியைப் பிளந்து இரும்பு, அலுமினியம், வயர், போர்டு என்று பிரிப்பேன். போர்டில் ரேம் என்று ஒரு தகடு செருகியிருக்கும். முக்கால் சாண் நீளம், ஓரத்தில் தங்க முலாம். முழுசாக இருக்கும் நல்ல தகட்டை வாங்க ஆள் வருவார்கள். செத்தது தங்கத்துக்காகச் சாக்கில் போகும். பதினாறு வருஷமாக அதைப் பிடுங்குகிறேன். கம்ப்யூட்டருக்குள் அது என்ன செய்கிறது என்று தெரியாது. தெரிந்துகொள்ளத் தோன்றவும் இல்லை.

அக்காவுக்கும் அதே வேலை. எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி அவருக்கு ஊர். சொந்தம் இல்லை. எதிரெதிர் மேசையில் ஒன்பது வருஷம். அவருக்குப் பேச்சு அதிகம், எனக்குக் குறைவு. அதனால் சரியாகப் போனது.

என் மகள் ஐடிஐயில் கட்டட வரைபடம் போடப் படித்தவள். வீட்டில் உள்ள கம்ப்யூட்டரை அவளே கட்டினாள். சேட்டிடம் கேட்டு ஒவ்வொரு பாகமாக நான் கொண்டுவந்து கொடுத்தேன். மதர்போர்டு என் மேசைக்கு வந்த சரக்கு. திரை, மாட்டுங்காவில் என் மனைவி வேலை பார்க்கும் வீட்டில் கொடுத்தது. எல்லாம் சேர்ந்து முதல் நாள் அது ஓடியபோது மனைவி சொன்னாள், “பதினாறு வருசம் ஒடச்ச மனுசன் வீட்டுல ஒண்ணு முழுசா நிக்கி. சுத்திப் போடணும்.” ஒரு வருஷம் குறையில்லாமல் ஓடியது.

நான் அந்த வார்த்தை சொன்னதற்கு முந்தின வாரம் செம்பூரில் ஒரு பிளான் போடும் ஆபீஸில் மகளுக்கு ஒரு வேலையைச் சோதனையாகக் கொடுத்திருந்தார்கள். கையால் வரைந்த பழைய கட்டட வரைபடம், பன்னிரண்டு தாள். அதைக் கம்ப்யூட்டரில் வரைந்து அடுத்த வாரம் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். மூன்று பேரிடம் அதே தாள்களைக் கொடுத்திருந்தார்கள். வேலைக்கு எடுப்பது ஒருவரை.

முதல் தாளிலேயே கம்ப்யூட்டர் இழுத்தது. ஒரு கோடு போட்டால் வந்து விழ நேரம் ஆனது. பட்டறையில் பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாள் அக்கா ஒரு ரேமைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

“பிள்ளைட்ட குடு. உன் மிசின்ல கெடக்கது நாலு ஜீபி. இது எட்டு. சேட்டுட்ட கேட்டுட்டேன்.”

மதர்போர்டில் ரேம் செருக இரண்டு ஸ்லாட். முதல் ஸ்லாட்டில் பழைய தகடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் அக்கா கொடுத்ததை இரண்டாவதில் செருகினாள். கம்ப்யூட்டர் பறந்தது. திங்கள்கிழமை முடிய ஐந்து தாள் ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை திரை திடீரென்று நீலமாகி அணைந்தது. திரும்பப் போட்டால் வந்தது. அரை மணி கழித்து மறுபடி நீலம். புதன்கிழமை ஆறு தடவை. நாலாவது தாளும் ஐந்தாவது தாளும் திறக்கவே இல்லை. உள்ளே எல்லாம் கெட்டுவிட்டது என்றாள். அழவில்லை. எழுந்து, கூடப் படித்த பெண்ணிடம் போய் ஒரு பென் டிரைவ் வாங்கி வந்தாள்.

அதில் ரேமைச் சோதிக்கும் புரோகிராம் இருந்தது. அது ரேம் முழுக்க எழுதும். எழுதியதைத் திரும்பப் படிக்கும். எழுதினது மாறியிருந்தால் சிவப்புக் கோடு காட்டும். அவ்வளவுதான். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். இரண்டு தகடும் இருக்க, பத்து நிமிஷத்தில் சிவப்பு வந்தது. பழையதை எடுத்துவிட்டு, அக்கா கொடுத்தது மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் இருக்க ஓட விட்டோம். மறுபடி சிவப்பு. திரை நிறைய.

நான் எழுந்தேன்.

“அப்பா, ஏக் மினிட். ஸ்லாட்டையும் மாத்திப் பாக்கணும். இன்னும் முடியல.”

“என்ன முடியல? செவப்பு தெரியுதுல்லா.”

“தகடு ஒண்ணு, அது உக்காந்திருக்கற எடம் ஒண்ணு. ரெண்டுல எதுன்னு தெரிய வேணாமா?”

சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். போகிற வழியெல்லாம் மனசில் ஒன்றே ஒன்று. ஒரு வருஷம் ஓடிய கம்ப்யூட்டர். அக்கா கொடுத்தது உள்ளே போனது, கெட்டது. இதில் பார்க்க என்ன இருக்கிறது?

பட்டறையில் அக்கா முன்னால் நின்றேன். எப்போதும் நீங்க என்றுதான் சொல்வேன். அன்றைக்கு வாயில் அது வரவில்லை.

“நல்லத வாங்க வார ஆளுக்குக் குடுத்துட்டு, செத்தத எம் பிள்ளைக்குக் குடுத்திருக்க.”

“என்னல சொல்லுத?”

“சாக்குல போவ வேண்டியதக் குடுத்து நல்ல பேரு வாங்கிட்ட. எம் பிள்ளைக்கு வேலை போவப் போவுது.”

டெம்போக்காரர் சிரித்தார். பீகார்க்காரர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சேட், “அரே, பஸ் கரோ. காம் கரோ” என்று பேச்சை நிறுத்தி வேலையைப் பார்க்கச் சொன்னார்.

அக்கா கையுறையைக் கழற்றினார்.

“சோதிச்சுப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“முழுசாப் பாத்தியா?”

நான் என் மேசைப் பக்கம் திரும்பினேன்.

“தனியாக் கூப்புட்டு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா. இப்படியால, சந்தையில வச்சு?”

கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டு சுத்தியலை எடுத்தார். அதற்குப் பிறகு நிமிரவில்லை.

மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட வீட்டுக்குப் போனேன். மகள் திரை முன்னால் இருந்தாள். சோதனை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சிவப்புக் கோடு இல்லை.

“இது எது?”

“அத்தை தந்தது. மொத ஸ்லாட்ல போட்டேன். ஒரு சுத்து முழுசா முடிஞ்சுது. பக்கா சுத்தம்.”

நான் நம்பவில்லை. பென் டிரைவ் தப்பாக இருக்கும் என்றேன். அவள் கம்ப்யூட்டரை அணைத்து, அக்காவின் தகட்டை எடுத்தாள். ஒரு வருஷம் ஓடிய என் பழைய தகட்டை இரண்டாவது ஸ்லாட்டில் செருகி ஓட விட்டாள். நாலு நிமிஷம். சிவப்பு.

தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. தண்ணீர் பிடிக்கப் போன இடத்திலேயே என் மனைவிக்குச் சேதி கிடைத்திருந்தது.

“அந்த அக்காவ நாலு பேரு முன்னால சத்தம் போட்டீகளாம்?”

“ஆமா.”

“இப்ப?”

டார்ச்சை எடுத்து வரச் சொன்னேன். போர்டைப் படுக்க வைத்து இரண்டாவது ஸ்லாட்டுக்குள் வெளிச்சம் அடித்தேன். உள்ளே மயிர் போலக் கம்பிகள் வரிசையாக நிற்கும். ஓரத்தில் இரண்டு கம்பி சாய்ந்து கிடந்தன. ஸ்லாட்டின் கோடியில் தகட்டைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி பாதி உடைந்திருந்தது. அதற்குக் கீழே பிளாஸ்டிக்கில் ஒரு வெட்டு. ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் மழுக்கம்.

என் ஸ்க்ரூடிரைவரின் முனை ஒரு மூலை தேய்ந்தது. அது பட்டால் இப்படித்தான் தழும்பு விழும். நான் உடைத்த எந்தப் போர்டை எடுத்தாலும் அந்தத் தழும்பைக் காட்டுவேன்.

எங்கள் வேலையில் கொக்கியைத் திறந்து ரேமை எடுப்பவன் யாரும் இல்லை. நேரம் கிடையாது. ஸ்க்ரூடிரைவரை அடியில் கொடுத்து ஒரு நெம்பு. தகடு தெறித்து வந்துவிடும். போர்டு எப்படியும் நொறுக்கத்தானே போகிறது? இந்தப் போர்டிலும் அப்படித்தான் நெம்பியிருக்கிறேன். நெம்பிய பிறகுதான் போர்டு புதுசாக இருக்கிறதே என்று பார்த்து, மகளுக்கு ஆகும் என்று ஒதுக்கி வைத்தேன். ஒரு வருஷம் அந்த ஸ்லாட் காலியாகக் கிடந்தது. அதனால் கெட்டது தெரியவில்லை. அக்கா தந்ததைச் செருகியபோதும் சாய்ந்த கம்பி தொட்டும் தொடாமலும் இரண்டு நாள் ஓட்டியிருக்கிறது.

மகளிடம் சொன்னேன். “இது நான் பண்ணினது.”

மனைவியிடம் ஊசி கேட்டேன், கம்பியை நிமிர்த்தலாம் என்று. மகள் என் கையைப் பிடித்தாள்.

“வேணாம்ப்பா. இனிமே அதுல கை வைக்காதீங்க. அந்த ஸ்லாட்ட விட்டுருவோம். அத்தை தந்தது ஒண்ணு போதும்.”

அப்படியே செய்தோம். என் தகடு வெளியே. அக்கா கொடுத்தது முதல் ஸ்லாட்டில். அவள் உடனே வரைய உட்கார்ந்தாள். நான் விடவில்லை. இன்னும் இரண்டு சுற்று ஓடட்டும், முழுசாகப் பார்த்துவிட்டு உட்கார் என்றேன். நேரம் போகிறதே என்றாள். போகட்டும் என்றேன். மாலை நாலரை ஆயிற்று. ஒரு கோடும் சிவப்பாக வரவில்லை.

கெட்டது இரண்டு, தொடாதது ஏழு. ஒன்பது தாள் பாக்கி. கையில் இரண்டு நாள்கூட இல்லை. எனக்கு வரைபடம் புரியாது. எண் படிக்கத் தெரியும். தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அளவாக நான் வாசிப்பேன், அவள் போடுவாள். ஒரு தாள் முடிந்ததும் பென் டிரைவில் ஒன்று எடுத்துவைப்பாள். வீட்டில் வேறு பேச்சு இல்லை. மனைவி சோற்றைப் பிசைந்து அவள் வாயில் ஊட்டினாள்.

வெள்ளிக்கிழமை லீவு சொல்லியிருந்தேன். ஆனாலும் காலை பத்து மணிக்குப் பட்டறைக்குப் போனேன். பட்டறை ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். அக்கா முன்னால் நின்று, வாசலில் இருக்கும் சேட்டுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

“நீங்க தந்த ரேம் நல்லது. கெட்டது என் போர்டு. கெடுத்தது நான். நேத்து சொன்னது தப்பு.”

பீகார்க்காரர்களுக்குப் புரியவில்லை. “கல்தி மேரா. அக்கா கா நஹி” என்று, தப்பு என்னுடையது, அக்காவுடையது இல்லை என அவர்களுக்கும் சொன்னேன். ஒருவர் தலையை ஆட்டினார். அக்கா ஒரு போர்டை எடுத்து வைத்து அடித்தார். அடுத்ததை எடுத்தார். நான் வீட்டுக்குத் திரும்பினேன்.

முந்தின நாள் கேட்டவர்களில் ஒரு ஆள் குறைந்தது. டெம்போக்காரர். வியாழக்கிழமை மட்டும் வருகிறவர். சிரித்தவரும் அவர்தான். அடுத்த வியாழன் அவர் மூட்டை இறக்கும்வரை காத்திருந்து, அக்கா இருக்கும்போதே அவரிடமும் சொன்னேன். “அதுக்கு ஏன் அண்ணாச்சி என்கிட்ட சொல்லுதீரு?” என்றார். “நீரு சிரிச்சீருல்லா” என்றேன். அக்கா அப்போதும் நிமிரவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை மதியம் இரண்டே முக்காலுக்குப் பன்னிரண்டாவது தாள் முடிந்தது. மகள் ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பார்த்தாள். எல்லாம் திறந்தது. சயானில் பஸ் ஏறிச் செம்பூர் போனோம். நாலு இருபதுக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். செவ்வாய்க்கிழமை போன் வந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து வரச் சொன்னார்கள்.

அன்றைக்கே மகள் ஸ்வீட் டப்பாவோடு பட்டறைக்கு வந்தாள். அக்கா அவள் கன்னத்தைத் தடவி, “எந்தப் பக்கம் ஆபீசு? பஸ்ல எடம் கெடைக்குமா? மதியத்துக்குக் கட்டிட்டுப் போ, கடையில திங்காத” என்று அரை மணி பேசினார். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, டப்பாவைப் பீகார்க்காரர்களிடம் நீட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் பக்கம் டப்பா வரவில்லை.

இப்போது நான் ரேம் எடுக்கும்போது இரண்டு கொக்கியையும் விரலால் திறந்துதான் எடுக்கிறேன். நொறுக்கப் போகிற போர்டானாலும் அப்படித்தான். சேட்டுக்குப் பிடிக்கவில்லை. “காம் ஸ்லோ ஹோ கயா தேரா” என்கிறார், என் வேலை மெதுவாகிவிட்டதாம். ஒரு நாளில் பிரிக்கும் சரக்கு எடையில் குறையவில்லை என்று காட்டினேன். விட்டுவிட்டார்.

மழை பிடித்து, பட்டறை ஒழுகி, மேசைகளை உள்ளே தள்ளிப் போட்ட ஒரு நாள் அக்கா தலையை நிமிர்த்தாமல் சொன்னார், “ஏல, அந்தச் சாக்க இங்கன தள்ளு.” தள்ளினேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் ஒருவர் மேல் குறை சொல்ல வாய் எடுக்கும்போதெல்லாம், என் கை அதில் எங்கே பட்டிருக்கிறது என்று இன்றைக்கும் முதலில் தேடிப் பார்க்கிறேன். அக்கா என்னோடு பேசாமல் இருந்தது பத்தொன்பது நாள்.