சத்வாவில் சூப் கொழுக்கட்டை

துபாய் சத்வாவில் எனக்குச் சட்டை அளவெடுத்த கீழக்கரைத் தையல்காரர் காதர் பாய், பக்கத்துச் சீனக்கடைக்குச் சாப்பிட அழைத்து வந்திருக்கிறார். எங்களைப் பார்த்ததுமே கடைக்கார அம்மா ஆளுக்கொரு கிண்ணம் வைக்கிறார். மற்ற மேசைகளில் தட்டுதான்.

மூங்கில் கூடையில் ஆவி பறக்கக் கோழிக் கொழுக்கட்டை வருகிறது. இட்லியைப் போல விரலால் பிய்க்கிறேன். உள்ளிருந்த சூப் குபுக்கென்று கிண்ணத்தில் கொட்டுகிறது.

"நம்மாளுக எல்லாரும் பிச்சுத்தான் திம்பாங்க. அதான் கிண்ணம்," என்று காதர் பாய் தன்னுடையதைப் பிய்த்துக்கொண்டே சிரிக்கிறார்.

பக்கத்து மேசைச் சீனரைப் பார்த்து, அடுத்ததைக் கரண்டியில் ஏந்தி, ஓரத்தைக் கடித்துச் சூப்பை உறிஞ்சுகிறேன்.

இரண்டாவது கூடையோடு வரும் அம்மா, என் கிண்ணத்தை மட்டும் எடுத்துவிட்டுத் தட்டு வைக்கிறார்.

"எட்டு வருஷமா வர்றேன், எனக்கு இன்னும் கிண்ணந்தான்!" என்கிறார் காதர் பாய்.