சவுனாத் திரை விழுங்கிய மூன்றாவது பெயர்

பி வாசல் நீராவிக் குளியலறையான சவுனாவின் கணினித் திரை ஆளை விழுங்குகிறது என்ற பேச்சு சலவை அறையில் கிளம்பியது. கிளப்பியவர் இரண்டாம் மாடி இர்யா ஹாசு. கோட்கா துறைமுகத்தை ஒட்டிய அந்தக் குடியிருப்பில் மனிதர்கள் ஒருவரோடொருவர் பேச மூன்றே காரணங்கள்தான்: குழாய் வெடித்தது, நாய் குரைத்தது, யாரோ செத்தது. முதல் இரண்டுக்கும் வழியில்லாத பிப்ரவரி அது.

"சவுனா முறைப் பட்டியலைப் பாரு துவோவி. யார் பேரு அதுல காணாமப் போகுதோ, ரெண்டு வாரத்துல அவங்க சாவுக்கு முற்றத்துக் கொடி அரைக் கம்பத்துல நிக்குது. நவம்பர்ல ஹில்க்கா. ஜனவரில ஆர்வோ."

"இப்ப யாராம்?"

"பதினொண்ணாம் நம்பர் வீடு. சனிக்கிழமை வரைக்கும் பேரு இருந்துச்சு. இப்ப இல்ல."

துவோவி பெல்கொனெனுக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. கடவுள், வங்கி, குடியிருப்புச் சங்கத் தலைவர் ஆகியோரும் அதே பட்டியலில்தான் இருந்தார்கள். காகித ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் முப்பத்தோரு வருடம் திரையைப் பார்த்தே சம்பளம் வாங்கியவர். ஆலை மூடியபோது மற்றவர்கள் நினைவுக்குக் கோப்பை வாங்கிப் போனார்கள். துவோவி குப்பைக்குப் போகவிருந்த இரண்டு லினக்ஸ் கணினிகளைச் சறுக்குவண்டியில் வைத்து வீட்டுக்கு இழுத்து வந்தார். புருஷன் போன பிறகும் அவை ஓடிக்கொண்டிருந்தன. அதில் அவருக்கு வியப்பு ஒன்றுமில்லை.

பதினொன்றாம் நம்பர் என்றதும் மடித்த போர்வையைத் திரும்ப மடித்தார். அங்கே இருப்பது பென்ட்டி வார்த்தியா, கப்பல் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை ஆறிலிருந்து ஏழு வரை சவுனா துவோவிக்கு. ஏழிலிருந்து பென்ட்டிக்கு. ஒருநாள் துவோவி ஏழு நிமிடம் கூடுதலாக உட்கார்ந்துவிட, பென்ட்டி வெளியிலிருந்து விளக்கை அணைத்துவிட்டார். அது நடந்து இரண்டு வருடம். அன்றிலிருந்து படிக்கட்டில் எதிர்ப்பட்டால் இருவரும் சுவரைப் பார்ப்பார்கள். பகை என்று அடித்துச் சொல்ல முடியாது. அந்த வாசல் வீடுகளில் சிநேகிதர்களும் அப்படித்தான்.

ஆனால் கடந்த நான்கைந்து வெள்ளிக்கிழமைகளாக ஏழேகால், ஏழரை என்று அவர் உட்கார்ந்திருந்தும் விளக்கு அணையவில்லை. கிழவன் தோற்றுவிட்டான் என்று துவோவி ஆவி கிளப்பும் சூட்டுக் கல்லில் இன்னொரு கரண்டித் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடியிருந்தார். சலவை அறையில் நின்றபடி அந்த வெள்ளிக்கிழமைகளை விரலில் எண்ணினார்.

நேராகப் போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். அழைக்காமல் ஒருவர் கதவைத் தட்டுவதைவிட அவர் சட்டைப் பையில் கைவிடுவது மேல் என்று நினைக்கிற ஊர் அது. துவோவியும் அந்த ஊர்க்காரர்தான். அதனால் விசைப்பலகையை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

திரை சவுனா முன்னறைச் சுவரில் தொங்கியது. அக்டோபர் வரை அதை இயக்கும் கணினி கட்டிடப் பராமரிப்பாளரின் அறையில் இருந்தது. சிக்கனம் என்று சங்கம் பராமரிப்பாளரை வேலையிலிருந்து நிறுத்தியது. அறையைச் சைக்கிள் வைக்கக் கொடுத்துவிட்டு, கணினியைக் கீழே கொண்டுவந்து யாரோ கழித்த டிவி ஒன்றில் மாட்டியது. எழுத்தெல்லாம் ரொட்டித்துண்டு அளவுக்கு ஊதியிருந்தது. பட்டியலின் கடைசி வரி திரையின் கீழ்விளிம்பில் பாதி வெட்டுப்பட்டு நின்றது.

சங்கத் தலைவர் கவுகோ லின்ட்ரூஸ் பின்னாலேயே வந்தார். கையில் ஒரு சுருள் நைலான் கயிறு.

"அதைத் தொடாதீங்க பெல்கொனென். எழுத்து பெருசா, நல்லாத்தானே தெரியுது? வயசானவங்க எல்லாரும் பாராட்டுறாங்க."

"பேரையே காணோமாம் தலைவரே. பாராட்டுறவங்க ஒவ்வொருத்தரா குறையுறாங்க. அது என்ன கயிறு?"

"கொடிக்கம்பத்துக் கயிறு. பழசு பனியில விறைச்சுப்போச்சு. ஒருவேளை தேவைப்பட்டா..." மேலே பதினொன்றாம் நம்பர் இருந்த திசையில் அவர் கண் போய், உடனே தரைக்குத் திரும்பியது.

"அவரைப் போய்ப் பார்த்தீங்களா?"

"தனிமையை மதிக்கணும் இல்லையா?"

துவோவி விசைப்பலகையைச் செருகி, கட்டளை தட்டும் கறுப்புச் சன்னலைத் திறந்தார். கோளாறு லேசானதுதான். எந்தத் திரையும் மாட்டியதும் தன் அளவைக் கணினிக்குச் சொல்ல வேண்டும். டிவிக்கும் கணினிக்கும் இடையில் செருகியிருந்த இணைப்பு மாற்றி அந்தச் சேதியைக் கடத்தவில்லை. எதிரே இருப்பது யாரென்று தெரியாத பழைய கணினி, எதற்கு வம்பு என்று அறுநூற்று நாற்பதுக்கு நானூற்று எண்பது என்ற ஆகச் சிறிய ரெசல்யூஷனுக்குள் ஒடுங்கிக்கொண்டது. அதற்குள் அடங்காததெல்லாம் விளிம்புக்குக் கீழே. ஆலையில் அவர் கற்றதும் இதுதான். காகிதம் கிழிவது எப்போதும் கேமரா பார்க்காத உருளையில்தான்.

டிவியின் முதுகில் ஒட்டியிருந்த அளவைப் படித்து, புது ரெசல்யூஷனைக் கையால் எழுதிக் கொடுத்தார். திரை இருண்டது.

"போச்சா?" என்றார் லின்ட்ரூஸ், சற்று நம்பிக்கையோடு.

துவோவி இருட்டைப் பார்த்தபடியே பழைய அளவைத் தட்டச்சு செய்தார். படம் திரும்பி வந்தது. புதுப்பிக்கும் வேகத்தைக் குறைத்து மறுபடி கொடுத்தார். கோடு கோடாக நடுங்கி, எல்லாப் பெயர்களும் இடதுபக்கம் சரிந்தன. மூன்றாவது தடவை திரை ஒரு நொடி யோசித்தது. எழுத்து சிறுத்தது. பட்டியல் மேலேறிச் சுருங்க, அதன் அடியில் ஒரு சாம்பல்நிறப் பெட்டி தெரிந்தது. அக்டோபருக்குப் பிறகு அதை யாரும் பார்த்ததில்லை.

நான்கு வாரமாகத் தன் சாவியால் சவுனாக் கதவைத் திறக்காதவர்கள், என்றது தலைப்பு. ஹில்க்கா சாரெலா, 121 நாள். ஆர்வோ நிஸ்கா, 66 நாள். பென்ட்டி வார்த்தியா, 33 நாள். அதற்கும் கீழே ஒற்றை வரி: வீட்டுக்குப் போய்ப் பார்க்கவும்.

லின்ட்ரூஸ் கயிற்றை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "அதான் அந்தப் பராமரிப்பாளன் சும்மா சும்மா மேல போய் மணியடிச்சானா? தொந்தரவுன்னு ரெண்டு பேர் புகார் கொடுத்தாங்க."

"யாரு?"

"ஒண்ணு ஹில்க்கா. இன்னொண்ணு நான்."

திரை யாரையும் விழுங்கவில்லை. வராதவர்களின் பெயரைக் கீழே எடுத்து வைத்து, போய்ப் பாருங்கள் என்று நான்கு மாதமாகச் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. துவோவி விசைப்பலகையை அங்கேயே போட்டுவிட்டு மூன்று மாடியும் ஏறினார்.

தட்டினார். மணியடித்தார். கதவில் கடிதம் போடும் துவாரத்தை விரலால் தள்ளிக் குனிந்தார். விளம்பரத் தாள்கள் குவிந்து கிடந்தன. அப்பால், சமையலறை வாசலில், கம்பளிக் காலுறை போட்ட ஒரு பாதம்.

"வார்த்தியா."

உள்ளேயிருந்து, "யாரு?"

"பெல்கொனென்."

"ஏழாயிடுச்சா?" குரல் மரத்தைத் தேய்ப்பது போல் இருந்தது.

"இல்ல, காலையில பதினொண்ணு. எப்ப விழுந்தே?"

"நேத்து. ஒரு மாசமா இருமல். நேத்துத்தான் காபி போடலாம்னு எழுந்தேன். இடுப்பு அசையல."

உதிரிச் சாவி பழைய பராமரிப்பாளரிடம் இருந்தது. இப்போது ஏதோ ஒரு நிறுவனத்திடம். பின்னாலேயே ஏறி வந்த லின்ட்ரூஸ் அங்கே கூப்பிட்டபோது வரிசையில் அவர் பதினான்காவது என்று இனிமையான குரல் சொன்னது. துவோவி அவசர எண் 112-க்கு அடித்தார். பனி மழையில் சாலையெல்லாம் வழுக்கல், இருபத்தைந்து நிமிடம் ஆகலாம், அதுவரை அவரைத் தூங்க விடாதீர்கள் என்றார்கள்.

இரண்டு வருடம் பேசாத ஆளிடம் இருபத்தைந்து நிமிடம் பேசுவது லேசில்லை. துவோவி படிக்கட்டுத் தரையில் மண்டியிட்டு, வாயைத் துவாரத்தில் வைத்து, வாய்க்கு வந்ததைப் பேசினார். பத்தாவது நிமிடத்தில் பதில் வருவது நின்றது.

"வார்த்தியா, தூங்காதே. நீ போனா உன் ஏழு மணியையும் நானே எடுத்துக்குவேன்."

பாதம் அசைந்தது. "திருடி."

"சரி, பேரம் பேசு. என்ன வேணும்?"

"உன் ஆறு மணி. கல்லு புதுச்சூடா இருக்கறப்ப. எனக்கு எப்பவும் நீ ஊத்திக் குளிரவெச்ச மிச்சம்தான் கெடைச்சுது."

"ஒரு வெள்ளிக்கிழமை தர்றேன்."

"ரெண்டு."

"ஒண்ணு. கெடக்கறது தரையில, அதுல பேராசை வேற."

"சரி. ஒண்ணு," என்றார். பிறகு வெகுநேரம் இருமினார். அந்த இருமல் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கீழே வண்டி வந்துவிட்டது. கதவை உடைத்தார்கள். தூக்கிப் போகையில் பென்ட்டி வழக்கம்போல் சுவரைப் பார்த்தார். துவோவியும் அப்படியே.

இடுப்பெலும்பை ஒட்டவைத்தாயிற்று. நுரையீரல்தான் ஒத்துழைக்கவில்லை என்று மார்ச்சில் மருத்துவமனையிலிருந்து சேதி வந்தது. ஹில்க்காவையும் ஆர்வோவையும் பெட்டியிலிருந்து நீக்கச் சொல்லிச் சங்கம் தீர்மானம் போட்டது. துவோவி நீக்கினார். பென்ட்டி வார்த்தியா, 54 நாள், அப்படியே இருக்கிறது. துவோவி தினமும் காலையில் ஒருமுறை கீழே போய் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வருகிறார். ஒவ்வொரு நாளும் ஒன்று கூடியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குச் சவுனாவைச் சூடாக்கும்படி வைத்துவிட்டு, அவர் மட்டும் மேலே தன் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறார். பென்ட்டிக்குப் பேசிய வெள்ளியைக் கொடுக்காமல் அதே நேரத்தில் போய் உட்கார மனம் வரவில்லை. இர்யா கேட்டதற்கு, தோல் வறண்டுபோகிறது என்று சொல்லிவிட்டார்.

வருகிற வெள்ளியோடு துவோவி சவுனாக் கதவைத் திறந்து நான்கு வாரம். சாம்பல் பெட்டியில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது.