கிட்டங்கித் தரையில் சூரியன்

சூரியனின் கரிய இழைகள் நேற்றைவிட எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று ஆய்வுக்கூடக் கணினித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோது, சன்னல் வழியே நெல் அவிக்கும் வாசனை வந்தது.

சேரன்மகாதேவியில் அம்மா வேலை பார்த்த, நெல் மூட்டைகள் அடுக்கிவைக்கும் கிட்டங்கி இன்று இல்லை. அதன் உயரமான தகரக் கூரையில் ஓர் ஆணி ஓட்டை இருந்தது. மதியங்களில் அதன் வழியே சூரியன் இறங்கி, நான் விரித்த வெள்ளைத்தாளில் உள்ளங்கையளவு வட்டமாக விழும். சூரியன் சுழலச் சுழல, அதிலிருந்த கடுகளவு கரும்புள்ளி தினமும் தள்ளிப்போவதைப் பென்சிலால் குறித்துவந்தேன்.

மழைக்கு முன்னே ஓட்டையை அடைக்க முதலாளி வந்தார். அம்மா குறுக்கே நின்றாள்.

“அண்ணாச்சி, எம் மவ பாத்துக்கிட்டு இருக்கா. மழை பெஞ்சா மூட்டைய நானே ஒதுக்குதேன்.”

“சரிம்மா, பைய அடைச்சுக்கிடுவோம்.”

இரண்டு நாள் மழையில் அம்மா ஒற்றையாளாக மூட்டைகளை இழுத்தாள். மூன்றாம் நாள் வெயிலில் புள்ளி விளிம்புக்கே போயிருந்தது. அம்மா என்னருகில் குனிந்து பார்த்தாள்.

“ஏட்டி, சூரியனும் சும்மா இருக்கலியே!”

அவளுடைய அந்த வியப்பைத்தான் இன்றுவரை என் வேலையாகச் செய்துவருகிறேன்.