மேற்றனின் இடது கை

சுனாமியில் தம்பியும் வீடும் போன பிறகு, அம்மாவை வாவிக்கரையிலிருந்த ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்திருந்தேன். அங்கே பொறுப்பாக, மேற்றனாக இருந்தவர் மெலிந்த பெண்மணி. ஆண்கள் கட்டும் பெரிய மணிக்கூடு ஒன்று அவருடைய கையில் தளர்ந்து கிடக்கும். இல்லத்திலிருப்பவர்களின் பைல்களில் அவர் எழுதும்போது யார் கிட்டப் போனாலும், பக்கத்தை இடது கையால் மூடிவிட்டுத்தான் நிமிர்வார். இல்லத்துக்கு அரிசி மூட்டை கொண்டுவரும் முதலாளி வந்தாலும் அப்படித்தான்.

வன்னியில் சண்டை முடிந்தும், அங்கே போன என் கணவரிடமிருந்து தகவல் வரவில்லை. அம்மா தாங்கமாட்டார் என்று மறைத்துவிட்டு, மேற்றனிடம்தான் அழுதேன்.

பிறகு ஒருநாள், அம்மா மேற்றனின் தோளில் சாய்ந்து தம்பியைப் பற்றிச் சொல்லி அழுவதைக் கண்டேன். என்னிடம் அவன் பெயரைக்கூட எடுக்காதவர். என்னைக் கண்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சாப்பிட்டியா மகள்?” என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. நேரே மேற்றனின் கந்தோர் அறைக்குப் போய், அம்மாவின் பைலைக் காட்டச் சொன்னேன். அவருடைய இடது கை, திறந்திருந்த பக்கத்தை மூடியது.

“அம்மா ஓமெண்டாக் காட்டுவன் புள்ள. அவ வேணாமெண்டு சொல்லியிருக்கா.”

“நான் அவட மகள்.”

“தெரியும். அவவும் இதே இடத்தில வந்து நிண்டவ. மகள் உங்களிட்ட என்ன சொல்லி அழுதவள் எண்டு கேட்டவ. அவவுக்கும் நான் சொல்லல்ல.”

வெளியே வந்தேன். விறாந்தையில் அம்மா நின்றார். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால், மேற்றனின் கதவைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார்.