நீர் வரும் பக்கம் நின்றவன்

கோல்பெய்ன் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. எங்கள் ஆற்றின் இரண்டு கரையிலும் கேட்டுப் பாருங்கள், ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதுதான் எங்களுக்குப் பெரிய புதிர். ஆள் அப்படி இருந்தான். இடுப்பளவு சேற்றில் புதைந்த குதிரையை அடிவயிற்றில் கைகொடுத்துத் தூக்கி வெளியே விட்டவன். எங்கள் வீட்டு வாசலில் முதலில் குனிவான், பிறகு பக்கவாட்டில் திரும்புவான், அதற்குப் பிறகுதான் உள்ளே வர முடியும். கழுத்தில் தோல்வாரில் கோத்த இரும்புச் சுத்தியல், என் சுண்டுவிரல் நீளம். தோரின் சுத்தியல். இடி முழக்கிக்கொண்டு வரும் எங்கள் கடவுள் தோர், அரக்கர்களின் மண்டையைப் பிளக்கும் தோர். அவனுடைய அடையாளத்தைப் போட்டுக்கொண்டு அலையும் இந்த மனிதன் இவ்வளவு பலத்தை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறான்?

மூன்று பேரைக் கொன்றவனுக்கெல்லாம் எங்கள் ஊரில் பாட்டு இருக்கிறது. இவனுக்கு ஒரு வரிகூட இல்லை. அதனால் நான் சொல்கிறேன்.

அவன் நார்வேயின் வட கோடியில் ஓர் அடிமைப் பெண்ணுக்குப் பிறந்தவன். எசமான் குடும்பத்தோடு ஐஸ்லாந்துக்குக் கப்பலேறியபோது, மாடுகளோடு மாடாக இவனையும் ஏற்றினார். நடுக்கடலில் பலகை ஒன்று விரிசல் விட்டது. கோல்பெய்ன் ஓர் ஆட்டுத்தோலை விரிசல் மேல் வைத்து, அதில் முதுகை அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஒரு பகலும் ஓர் இரவும் மறுநாள் பாதியும். வாயில் ஊட்டிவிட்டார்கள். கரையில் கால் வைத்ததும் எசமான் சாட்சிகளை நிறுத்தி, இனி இவன் அடிமையில்லை என்று அறிவித்தார். விடுதலை பெற்றவன் முதலில் ஒரு வாளைத் தேடுவான். இவன் என்ன செய்தான் தெரியுமா? ஆற்றோரத்துக் குச்சிகளை வெட்டி, முதுகில் மாட்டிக்கொள்ள ஓர் ஆள் உயரக் கூடை பின்னினான்.

எங்கள் ஆறு பனிமலையிலிருந்து வருகிறது. பாலம் கட்டினால் ஒரு வருடம்கூட நிற்காது. துறைக்குப் பக்கத்தில் மண்ணும் புல்லும் அடுக்கி ஒரு குடிசை போட்டுக்கொண்டு, கடக்க வந்தவர்களைக் கூடையில் வைத்துச் சுமந்தான் கோல்பெய்ன். கிழவிகள், ஆட்டுக்குட்டிகள், காய்ச்சல்காரர்கள், எல்லோரையும். தோரும் ஒரு முறை தன் நண்பனைக் கூடையில் சுமந்து பனியாற்றைக் கடந்தானாம். நண்பனின் கால்விரல் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு உறைந்துபோக, தோர் அதை ஒடித்து வானத்தில் எறிந்தானாம், அது நட்சத்திரமாகிவிட்டதாம். கோல்பெய்ன் ஒவ்வொரு தடவையும் இந்தக் கதையைச் சொல்லாமல் ஆற்றில் இறங்க மாட்டான்.

என் பக்கத்துப் பண்ணை யோரன் அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "அடேய், என் காலு உள்ள இருக்கான்னு பாத்துக்கடா. இந்த வயசுல நட்சத்திரமாகி என்ன பண்ணப்போறேன்?" என்பாள்.

"உங்க விரலு பெருசுக்கா. நிலாதான் ஆகும்" என்பான்.

ஆற்றின் கீழ்ப்பக்கம் ஸ்கெகியின் பண்ணை. ஸ்கெகி பணக்காரன், சட்டம் தெரிந்தவன், தாடியைத் தடவிக்கொண்டே பேசுவான். வியாழக்கிழமை, அது தோரின் நாள், ஊர்க்கூட்டம் கூடும். ஒரு வியாழக்கிழமை எல்லோரும் பார்க்க அவன் கோல்பெய்னிடம் கேட்டான்: "கழுத்துல சுத்தியல் எதுக்குடா? கருவாடு தட்டவா?"

கருவாட்டைக் கல் சுத்தியலால் தட்டி மெதுவாக்கித்தான் நாங்கள் தின்போம். கூட்டம் சிரித்தது. கோல்பெய்னும் சிரித்தான். "சின்னதா இருக்குங்க. பெருசா ஒண்ணு செஞ்சு குடுங்க, உங்க வீட்டுக் கருவாட்டையும் தட்டித் தரேன்."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் மனம் ஆறவில்லை. திரும்பி வரும் வழியில் கேட்டேன். "ஏண்ணே, ஒரே ஒரு தட்டு தட்டியிருக்கலாம்ல? தோரா இருந்தா விட்டிருப்பானா?"

"கல்யாணத்துல பொண்ணு மடியில சுத்தியல வைக்கிறோமே, எதுக்கு? பொண்ண அடிக்கவா?"

"அது அவளக் காப்பாத்த."

"அதேதான் தங்கச்சி."

இது என்ன பதில்? எனக்கு அன்று பிடிக்கவே இல்லை. காப்பாற்றுவதென்றால் யாரையாவது அடித்துத்தானே ஆகவேண்டும்?

அந்த வருடம் இலையுதிரும் பருவத்தில் என் புருஷன் ஹாவார்த் மீன் பிடிக்கப் போனவன் திரும்பவில்லை. படகின் ஒரு துடுப்பு மட்டும் வந்தது. எனக்கு இரண்டு பெண் குழந்தைகள், அதுபோகக் கைக்குழந்தை ஒன்று. நிலமோ இன்னும் எங்களுடையது ஆகவில்லை. ஆண் நிலம் பிடிப்பதென்றால் எல்லையெங்கும் நெருப்பு மூட்டி, ஒரு புகையிலிருந்து அடுத்த புகை தெரியும்படி சுற்றி வரவேண்டும். ஹாவார்த் அதை அடுத்த வசந்தத்துக்கென்று தள்ளி வைத்திருந்தான். அவனுடைய குணம் அப்படி.

ஸ்கெகி ஆள் அனுப்பினான். ஆளில்லாத நிலத்தைத் தான் எடுத்துக்கொள்வதாகவும், நானும் குழந்தைகளும் அவன் வீட்டில் வேலை செய்து பிழைக்கலாம் என்றும் சொல்லி அனுப்பினான். கருணையாம்.

பெண்ணுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது என்று பதில் அனுப்பினேன். இரண்டு வயதுக் கிடாரி ஒன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, வசந்தகாலத்து ஒரு நாளில், சூரியன் எழுந்ததிலிருந்து விழுவதற்குள் ஒரு பெண் எவ்வளவு சுற்றி வருகிறாளோ அவ்வளவு நிலம் அவளுடையது. சொந்தக் காலில் நடக்கவேண்டும். கயிறு கைமாறக் கூடாது. கிளம்பிய இடத்துக்கே வந்து சேரவேண்டும். சேராவிட்டால் ஒரு சாண்கூடக் கிடையாது.

வசந்தம் வந்ததும் ஒரு விடியலில் வீட்டருகே கற்களைக் குவித்து அடையாளம் வைத்தேன். யோரன் அக்கா என் சாட்சி. ஸ்கெகி தானே சாட்சியாக வந்தான், குதிரை மேல்.

"எந்த வழியாடி போற?" என்றாள் யோரன் அக்கா.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற புல்வெளியச் சேத்து."

"பைத்தியமாடி உனக்கு? காலையில போறப்ப முழங்கால் தண்ணி. பகல் பூரா வெயில் பனிய உருக்கினா, திரும்பி வர்றப்ப எப்படி இருக்கும்? உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். இந்த ஆற்றங்கரையில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். பேராசை என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். அந்தப் புல்வெளி இல்லாமல் இந்தப் பக்கத்து நிலத்தில் நான்கு ஆடுகள்கூடக் குளிர்காலத்தைத் தாண்டாது. நான் பார்த்தது புல்லை, தண்ணீரை அல்ல.

காலையில் மேல்துறையில் எளிதாகக் கடந்துவிட்டேன். பகல் முழுவதும் நடந்தேன், சாட்சிகள் இருவரும் பின்னாலேயே வந்தார்கள். கிடாரி செவலை நிறம், பிடிவாதம் பிடித்தது. நான்கு அடிக்கு ஒரு முறை நின்று புல்லைக் கடிக்கும். நான் தயிரைக் குடித்துக்கொண்டே நடந்தேன், உட்காரவில்லை. சூரியன் மேற்குக் கரும்பாறைகளுக்கு ஓர் ஆள் உயரம் மேலே இருந்தபோது, கோல்பெய்ன் குடிசைக்கு எதிரே உள்ள கீழ்த்துறைக்கு வந்து சேர்ந்தோம். ஆறு சாம்பல் நிறத்தில் நுரைத்து ஓடியது. அடியில் கற்கள் உருளும் சத்தம் காலுக்குக் கேட்டது. பனிக்கட்டிகள் கதவு அகலத்தில் மிதந்து வந்தன.

அக்கரையில் நின்றிருந்த கோல்பெய்ன் எங்களைப் பார்த்ததும் தண்ணீரில் இறங்கி வந்து சேர்ந்தான். தொடைக்கு மேல் நனைந்திருந்தான். அவனுக்கே அப்படியென்றால் எனக்கு மார்பளவு.

ஸ்கெகி குதிரையிலிருந்து இறங்கவில்லை. "தாராளமா தூக்கிட்டுப் போகட்டும். உசுரு முக்கியம். ஆனா அவன் உன்னத் தொட்டா, மாட்டத் தொட்டா, கயித்தத் தொட்டா, நிலம் உன்னோடதில்ல. சட்டத்த நான் எழுதல ஆஸ்னி."

அவன் சொன்னது சரிதான். அதுதான் எரிச்சல். ஸ்கெகி பொய் சொல்லியிருந்தால் நான் கத்தியிருக்கலாம்.

யோரன் அக்கா கத்தினாள். "கோல்பெய்னு! என்னடா மரம் மாதிரி நிக்கிற? அந்தத் தாடிக்காரன அப்படியே குதிரையோட தூக்கி ஆத்துல போடு! தோர் மேல ஆணையா நான் ஒண்ணும் பாக்கல!"

கோல்பெய்ன் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் என்ன நினைத்தான் என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்றுவரை ஆசை. பிறகு ஸ்கெகியிடம் மரியாதையாகக் கேட்டான்: "நான் எங்க நிக்கணும்னு சட்டத்துல ஏதாவது இருக்குங்களா?"

"என்ன?"

"ஆத்துக்குள்ள. நான் எங்க நிக்கலாம், எங்க நிக்கக் கூடாதுன்னு."

ஸ்கெகி தாடியைத் தடவினான். "ஆறு யாருக்கும் சொந்தமில்ல. எங்க வேணா நில்லு."

"சாட்சி கேட்டாச்சு" என்றாள் யோரன் அக்கா உடனே.

கோல்பெய்ன் தன் நீளக் கம்பை எடுத்துக்கொண்டு இறங்கினான். தண்ணீர் வரும் திசைக்கு முகத்தைக் காட்டி, கம்பை முன்னால் ஊன்றி, கால்களை அகட்டி நின்றான். ஆறு அவன் மேல் மோதி இரண்டாகப் பிரிந்தது. அவனுக்குப் பின்னால் ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர் அமைதியாகச் சுழன்றது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"வா" என்றான், திரும்பாமல்.

நான் இறங்கினேன். கிடாரி வரமாட்டேன் என்றது. அதன் முகத்தை என் கழுத்தில் வைத்து அணைத்து, காதில் என்னென்னவோ பேசினேன். திட்டினேன் என்று யோரன் அக்கா சொல்வாள், இல்லை, பேசினேன். அது வந்தது. அவன் பக்கவாட்டில் ஓர் அடி வைப்பான், கம்பை மாற்றி ஊன்றுவான், நாங்கள் ஓர் அடி வைப்போம். குளிர் எலும்பைக் கவ்வியது. முதலில் கால் இருப்பது தெரியவில்லை, பிறகு இடுப்பு இருப்பது தெரியவில்லை.

நடு ஆற்றில் என் காலடிக் கல் உருண்டது. சரிந்தேன். கண்ணுக்கு முன்னால் அவனுடைய இடைவார். தோர் ஆற்றைக் கடந்த இன்னொரு கதையில் கூட வந்தவன் அவனுடைய இடைவாரைப் பிடித்துத் தொங்கித்தான் பிழைப்பான். என் கை தானாக நீண்டது.

"தொடாத!" என்று உறுமினான். "என்னப் பிடிக்காத! மாட்டப் பிடி!"

வாழ்நாள் முழுக்க எல்லோரையும் முதுகில் ஏற்றியவன், தொடாதே என்றான். நான் கிடாரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அது நான்கு காலில் நின்றது, அந்தப் பிடிவாதக்காரி. அதே நேரம் ஒரு பனிக்கட்டி வந்து அவன் விலாவில் மோதியது. சத்தம் கேட்டது. அவன் உடம்பு முழுதும் ஒரு முறை நடுங்கி அடங்கியது. கால் நகரவில்லை. அவன் நகர்ந்திருந்தால் அந்தக் கட்டி என் தலைக்கு வந்திருக்கும்.

தோர் கதைகளைச் சொல்கிறவர்கள் எல்லோரும் அரக்கர் பக்கம் நின்றுகொண்டு சொல்கிறார்கள். சுத்தியல் எப்படிப் பறந்து வந்தது, கண் எப்படிச் சிவந்தது என்று. அது முன்பக்கம். பின்பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் யாரும் பாடவில்லை. நான் பார்த்தேன். அகலமான நனைந்த முதுகு ஒன்று தெரியும். அதற்கு அப்பால் வருவது எதுவும் தெரியாது.

கரையேறினோம். நான் ஓடினேன், கிடாரியும் ஓடியது. சூரியனின் கீழ்விளிம்பு கரும்பாறையைத் தொட்டபோது கற்குவியலில் கை வைத்தேன். பின்னாலேயே குதிரையில் கடந்து வந்த ஸ்கெகி சூரியனைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான்.

"வந்து சேந்துட்டா" என்றான். பிறகு தாடிக்குள், "அவ சொந்தக் காலாலதான் வந்தா" என்றான். சட்டக்காரன். அதில் குறை சொல்ல மாட்டேன்.

பின்னால் வந்தவர்கள் கோல்பெய்ன் அன்று ஸ்கெகியைத் தூக்கி எறிந்தான் என்று கதை கட்டினார்கள். அது பொய். நான் அங்கே இருந்தேன்.

கோல்பெய்னுக்கு மூன்று விலா எலும்புகள் முறிந்திருந்தன. கோடை முழுக்க எங்கள் வீட்டுப் பலகையில் படுத்துக் கிடந்தான். பெண்கள் இரண்டும் அவன் மேல் ஏறி விளையாடும். நான் ஒரு நாள் கேட்டேன், "அண்ணே, ஆத்துல நிக்கிறப்ப தோர நினைச்சியா?"

"பனிக்கட்டிய எண்ணிக்கிட்டிருந்தேன்" என்றான்.

இப்போது துறையின் இரண்டு கரையும் என் நிலம். நான் முதலில் செய்த காரியம், கடற்கரையில் ஒதுங்கிய மரங்களை இழுத்து வந்து துறைக்குக் குறுக்கே வேலி போட்டது. ஸ்கெகி ஊர்க்கூட்டத்துக்குப் போக அந்தத் துறைதான் கிட்டத்து வழி. சுற்றிக்கொண்டு போகட்டும், அரை நாள் வழி.

கோல்பெய்ன் எழுந்து நடக்க ஆரம்பித்ததும், வியாழக்கிழமை காலையில் விலாவைப் பிடித்துக்கொண்டு துறைக்குப் போனான். ஸ்கெகி வந்தான். இவன் வேலி மரத்தை ஒற்றைக் கையால் தூக்கிப் பிடித்தான், ஸ்கெகி குதிரையோடு போனான், இவன் மரத்தை இறக்கி வைத்தான்.

"என்ன பண்ற? அவன் என் நிலத்தப் பிடுங்க வந்தவன்!" என்றேன்.

"தண்ணிக்கு அது தெரியாதே தங்கச்சி."

"வேலி என்னோடது!"

"நான் வேலிய ஒண்ணும் பண்ணலயே. திரும்ப வச்சிட்டேனே. பாரு, நேராத்தான் இருக்கு."

அடுத்த வியாழனும் அப்படியே. அதற்கடுத்த வியாழனும். ஒவ்வொரு தடவையும் முகம் வலியில் வெளுக்கும், ஒவ்வொரு தடவையும் மரத்தை நேராக வைப்பான். நான் அவனோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தேன், பேசவில்லை. ஐந்தாவது வாரம் நானே போய் வேலியைப் பிரித்து எடுத்துவிட்டேன்.

அவனுக்காக எடுத்தேன் என்று யோரன் அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அப்படி இல்லை. குளிர்காலம் வந்துகொண்டிருந்தது, அந்தப் புல்வெளியிலிருந்து முதல் தடவையாக வைக்கோல் வந்திருந்தது, அதைப் போட்டு வைக்கும் கொட்டகைக்குக் கூரை மரம் தேவைப்பட்டது. அதனால்தான் எடுத்தேன்.